முட்டி வலியைத் தாங்கிக்கொண்டு நிற்காதீர்கள்

ஓசூரிலும் சுற்றுவட்டாரத்திலும் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்யும் அக்காக்களுக்கும் தங்கைகளுக்கும்,



சிப்காட் கம்பெனிகளில் லைனில் நிற்கிறீர்கள். பாகலூர், பேரிகை, தளி பக்கத்துப் பசுமைக்குடில்களில் ரோஜா வெட்டுகிறீர்கள், தரம் பிரிக்கிறீர்கள், வாளி சுமக்கிறீர்கள். கார்மெண்ட்ஸில் செக்கிங் மேசையை விட்டு நகர முடியாமல் நிற்கிறீர்கள். ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறீர்கள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறீர்கள். இருட்டு விலகும் முன்பே ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, பொம்மசந்திராவுக்குப் பஸ் ஏறுகிறீர்கள். உங்களில் நாற்பதைக் கடந்த பலருக்கு முட்டி வலி இருக்கிறது. எனக்கும் இரண்டு முட்டியிலும் தேய்மானம். இருபது வருஷத்துக்கு மேல் நின்று வேலை பார்த்தவள் என்ற உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

முட்டி வலி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் யாரிடமும் சொல்வதில்லை. பிறகு தைலம் தேய்க்கிறோம். அதற்கும் அடங்காவிட்டால் மெடிக்கலில் மாத்திரை வாங்குகிறோம், மாத்திரையும் கேட்காத அன்று ஓர் ஊசியைப் போட்டுக்கொண்டு மறுநாள் ஷிப்டுக்குப் போய்விடுகிறோம். "வயசானா வரத்தானே செய்யும்" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். இப்படிப் பத்து வருஷம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். வலியைப் பொறுத்துக்கொள்வதைத் திறமையாகவும், சொல்வதை வெட்கமாகவும் நினைக்கிற பழக்கம் நம்மிடம் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். தேய்ந்த மூட்டைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றுவரை உலகில் இல்லை. ஆனால் வலியைக் குறைத்து, நடையைக் காப்பாற்றி, வேலையையும் வீட்டையும் பார்க்க வழி இருக்கிறது. அதில் ஒரு பாதி நம் தொடைத் தசையில் இருக்கிறது. மறு பாதி நாம் நிற்கிற இடத்தில் கிடைக்க வேண்டிய ஓர் இருக்கையில் இருக்கிறது.

முதலில், முட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தொடை எலும்பும் கால் எலும்பும் சேரும் இடத்தில், இரண்டின் முனையிலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்துப் போக வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் போல, அழுத்தும்போது திரவம் வெளியேறுகிறது, அழுத்தம் விலகும்போது உள்ளே ஊறுகிறது. நடந்தால், காலை நீட்டி மடக்கினால் இந்த ஏற்ற இறக்கம் நடக்கும். எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் அழுத்தம் மட்டும்தான் இருக்கும். படுத்தே கிடந்தாலோ ஊறலே நடக்காது. அதனால்தான் நின்றே இருப்பதும் மூட்டுக்கு ஆகாது, கிடந்தே இருப்பதும் ஆகாது.

குருத்தெலும்புக்கு வலி நரம்பும் கிடையாது. வலி வருவது அதன் அடியில் இருக்கும் எலும்பிலிருந்தும், மூட்டை மூடியிருக்கும் சவ்வின் வீக்கத்திலிருந்தும், சுற்றியிருக்கும் தசைநார்களிலிருந்தும். எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறைந்து தெரியும் சிலர் வலியே இல்லாமல் நடக்கிறார்கள். எக்ஸ்ரேயில் கொஞ்சம்தான் தேய்மானம் தெரிந்தும் சிலர் மாடிப்படி ஏற முடியாமல் தவிக்கிறார்கள். ஆகவே "கேப்பே இல்ல, ஆபரேஷன்தான்" என்று படத்தை மட்டும் காட்டி யாராவது சொன்னால் கலங்கிவிடாதீர்கள். படத்தைப் போலவே உங்கள் காலின் வலுவையும் உங்கள் நடையையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இது உங்கள் ஒருவருடைய குறையும் அல்ல. உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2019-இல் உலகில் 52.8 கோடிப் பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. அதிகம் பாதிக்கப்படும் மூட்டு முழங்கால்தான். பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 60 சதவீதம் பெண்கள். இந்தியாவில் மட்டும் 1990-இல் 2.3 கோடியாக இருந்த எண்ணிக்கை 2019-இல் 6.2 கோடியைத் தாண்டிவிட்டது. வயது, மாதவிடாய் நின்ற பிறகு உடலில் வரும் மாற்றம், உடல் எடை, பழைய அடி ஆகியவற்றோடு, குத்தவைத்தும் மண்டியிட்டும் வேலை செய்வது, கனம் தூக்குவது, நெடுநேரம் நிற்பது எல்லாம் இதோடு தொடர்புடையவை. இந்த வரிசையில் எது நமக்குப் பொருந்தாமல் இருக்கிறது?

இனி, காலை வலுவாக்கும் வேலைக்கு வருகிறேன். முட்டிக்கு மேலே தொடையின் முன்புறம் இருக்கும் தசை பலமாக இருந்தால், உடலின் பாரத்தை அது பங்குபோட்டுக்கொள்ளும். வலிக்கிறது என்று காலை அசைக்காமல் வைத்தால் அந்தத் தசை மெலியும், பாரம் முழுதும் மூட்டின் மேல் இறங்கும், வலி கூடும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டியில், எல்லோருக்கும் தர வேண்டிய முதல் சிகிச்சை உடற்பயிற்சி என்றே சொல்லியிருக்கிறது. டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், முட்டியும் இடுப்பும் தேய்ந்தவர்களுக்கு நோயைப் பற்றிப் பாடம் எடுத்து, பன்னிரண்டு வகுப்புகளில் பயிற்சி கொடுக்கிறார்கள். பிற நாடுகளும் அதை எடுத்துக்கொண்டிருக்கின்றன. இதற்கு ஜிம் தேவையில்லை. ஒரு நாற்காலியும் ஒரு துண்டும் போதும்.

காலையில் எழுந்ததும் கட்டிலிலேயே காலை நீட்டி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, துண்டை முட்டியால் கீழே அழுத்துங்கள். ஐந்து எண்ணும்வரை வைத்து விடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை. அடுத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடை இறுகுவதை உணர்ந்து, ஐந்து எண்ணி மெதுவாக இறக்குங்கள். மூன்றாவதுதான் முக்கியமானது: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக உட்காருங்கள். முடியாவிட்டால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கடைசியாகச் சுவரைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும். மற்ற நாட்களில், சமதரையில், குதிகாலுக்கு மெத்தென்ற செருப்போ ஷூவோ போட்டு, உங்களால் முடிந்த தூரம் நடங்கள்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். வலித்தால் மூட்டு இன்னும் தேய்கிறது என்று பயப்பட வேண்டாம். மறுநாள் காலைக்குள் வலி வழக்கமான அளவுக்கு இறங்கிவிட்டால் அப்படியே தொடருங்கள். இறங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். முதல் மாதத்தில் பெரிய மாற்றம் தெரியாது. இரண்டு மூன்று மாதம் பிடித்துச் செய்தவர்களுக்குத்தான் படியில் இறங்கும்போது வித்தியாசம் தெரியும். விட்டால் பலனும் போய்விடும். பல் துலக்குவதுபோல இது அன்றாடத்தில் சேர வேண்டும்.

எடையைப் பற்றிப் பேசினால் பலருக்கு மனசு நோகும். திட்டுவதற்காக நான் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் அளந்து பார்த்ததில், உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியில் இறங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம்! மூன்று கிலோ குறைந்தாலே முட்டிக்கு அது பெரிய உதவி. நம் ஊர்க் களி நல்ல சாப்பாடுதான். உருண்டையின் அளவைக் குறைத்து, கீரையையும் பயறையும் கூட்டுங்கள். ஷிப்ட் இடைவேளையின் போண்டாவையும், சர்க்கரை தூக்கலாகப் போட்ட மூன்றாவது டீயையும் விட்டாலே பாதி வழி வந்துவிடுவீர்கள்.

மருந்துக்கு வருகிறேன். முட்டியில் தடவும் டைக்ளோஃபினாக் ஜெல்லைத்தான் மாத்திரைக்கு முன் முயன்று பார்க்க வேண்டும். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் அது செய்யும் கெடுதல் மிகக் குறைவு. அதே மருந்தை மாத்திரையாக நாள்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் இரத்தக் கசிவும் வரலாம், பிரஷர் ஏறலாம், சிறுநீரகம் கெடலாம். சுகரும் பிரஷரும் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஊசியாகப் போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். எந்த வழியில் போனாலும் மருந்து இரத்தத்தில்தான் கலக்கிறது. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை அடக்கும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருஷம் போட்டுப் பார்த்து 2017-இல் வெளியான ஆய்வில், வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட இவர்களுக்கு வலி கூடுதலாகக் குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாக மெலிந்திருந்தது.

பெயரும் சீட்டும் இல்லாமல் பொட்டலத்தில் கட்டிக் கொடுக்கும் பொடியைத் தொடவே தொடாதீர்கள். இரண்டே நாளில் வலி பறந்துபோனால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் வீங்கும், சுகர் ஏறும், எலும்பு மெலியும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். புத்தூர் கட்டுக்குப் போகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அது எலும்பு முறிவுக்குப் பெயர் பெற்றது. தேய்மானம் முறிவு அல்ல, அசையாமல் கட்டி வைத்தால் தசைதான் மெலியும். "முட்டிக்குள்ளே கேமரா விட்டுக் கழுவிவிடலாம்" என்று சொல்பவர்களும் உண்டு. 2002-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரை வைத்து நடந்த ஆய்வில், உண்மையாகக் கழுவியவர்களுக்கும் தோலை மட்டும் கீறித் தைத்தவர்களுக்கும் வலியில் வித்தியாசமே இல்லை. தேய்மான வலிக்காக அதற்குக் காசைக் கொட்டாதீர்கள்.

அன்றாடத்தில் சின்னச் சின்ன மாற்றங்கள் பெரிய நிம்மதி தரும். தரையில் குத்தவைத்து அருவாமனையில் நறுக்குவதை மேசைக்கு மாற்றுங்கள். துணியைக் குனிந்து அடிக்காமல் உயரமான கல்லில் துவையுங்கள். குந்தும் கழிப்பறை முட்டிக்குப் பெரும் சோதனை. நடுவில் ஓட்டை விட்ட நாற்காலி கடைகளில் கிடைக்கிறது, அதை வாங்கிப் போடுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். கைத்தடி பிடிப்பதானால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடியுங்கள். சந்திரசூடேஸ்வரர் மலைப்படியானாலும் வீட்டு மாடிப்படியானாலும், ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வையுங்கள். மார்கழி, தைக் குளிரில் நம் ஊரில் முட்டி விறைத்துப் போகும். கிளம்புவதற்கு முன் பதினைந்து நிமிஷம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கொஞ்சம் நீட்டி மடக்கிவிட்டு வெளியே வாருங்கள்.

எல்லா முட்டி வலியும் தேய்மானம் ஆகாது. முட்டி சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலையில் கைவிரல் மூட்டுகளும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து இருக்கிறது, தாமதித்தால் மூட்டு கோணிப்போகும். விழுந்த பிறகு கால் ஊன்ற முடியவில்லை என்றாலும், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலும் காத்திருக்காதீர்கள்.

சிகிச்சைக்கு எங்கே போவது? தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. சுகருக்கும் பிரஷருக்கும் வீடு தேடி மாத்திரை வருவது பலருக்குத் தெரியும். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் அந்தத் திட்டத்தில் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஊரில் உள்ள சுகாதாரத் தன்னார்வலரிடம் கேளுங்கள், அல்லது 104-க்கு அழையுங்கள். நடக்க முடிந்தவர்கள் அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி எழுதித் தரும்படி தாங்களே வாய்திறந்து கேட்க வேண்டும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ உங்கள் உரிமை. காண்ட்ராக்டில் வேலை செய்தாலும் அது பொருந்தும். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் ஓசூர் இ.எஸ்.ஐ மருத்துவமனையில் உங்களுக்குச் சிகிச்சை உண்டு. கர்நாடக எல்லைக்குள் வேலை செய்பவர்களுக்கும் இது ஒரே மத்தியச் சட்டம்தான், அட்டை இரு பக்கமும் செல்லும்.

அறுவைச் சிகிச்சை என்றதும் நடுங்க வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். பல மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் இரவுத் தூக்கம் போய், வீட்டுக்குள் நடப்பதே பாடாகிவிட்டால் அப்போது யோசிக்க வேண்டியது மூட்டு மாற்று. பிரதமராக இருந்த வாஜ்பாய் 2000-இலும் 2001-இலும் மும்பையில் இரண்டு முழங்காலையும் மாற்றிக்கொண்டார். அன்று அது பெரிய மனிதர்களின் சிகிச்சை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்சவிலை வைத்தது. சுமார் 1,58,000 ரூபாய்க்கு விற்ற, பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் மூட்டு மாற்று உண்டு. மாற்றிய மூட்டுகளில் பத்துக்கு எட்டு 25 ஆண்டுகள் தாங்குவதாக வெளிநாட்டுப் பதிவேடுகள் சொல்கின்றன. ஆபரேஷனுக்குப் பிறகும் அதே தொடைப் பயிற்சிதான் நடக்க வைக்கும். எப்படிப் பார்த்தாலும் பயிற்சியிலிருந்து தப்ப வழியில்லை.

இவ்வளவும் நாம் செய்துகொள்ள வேண்டியவை. ஆனால் காலையில் பதினைந்து நிமிஷம் பயிற்சி செய்துவிட்டு, எட்டு மணி நேரம் அசையாமல் நிற்கச் சொன்னால் முட்டி என்ன செய்யும்? இங்கேதான் நம்மில் பெரும்பாலோருக்குச் சொல்லப்படாத செய்தி இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44-ஆம் பிரிவில், நின்று வேலை செய்ய வேண்டிய எல்லாத் தொழிலாளருக்கும், இடையில் ஓய்வு வாய்க்கும்போது உட்கார ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்றது. அதன் இடத்தைப் பிடித்திருக்கும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவிலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. இது நாடு முழுமைக்கும் பொதுவானது, ஓசூருக்கும் பொம்மசந்திராவுக்கும் ஒன்றே. கடைகளுக்குத் தனியாக, தமிழ்நாடு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நிற்கும் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்று அதில் புதிதாக 22-ஏ பிரிவு சேர்ந்தது. கேரளப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடி 2018-இல் பெற்ற உரிமை அது.

ஆகவே ஸ்டூல் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. தனியாகக் கேட்டால் "உனக்கு உடம்பு முடியலன்னா வீட்டுக்குப் போ" என்பார்கள். அதனால் சேர்ந்து கேளுங்கள். தொழிற்சங்கம் இருந்தால் சங்கத்தின் வழியாக, இல்லாவிட்டால் பாதுகாப்புக் குழுவிலோ நலன் அலுவலரிடமோ எழுத்தில் கொடுங்கள். நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல், கான்கிரீட் தரையின் மேல் ரப்பர் விரிப்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிற்கிற வேலையும் உட்கார்ந்து செய்கிற வேலையும் மாறும் சுழற்சி, பெண்கள் கழிப்பறையில் ஒன்றாவது மேற்கத்திய பாணியில். இந்த நான்கையும் கேளுங்கள். ரோஜாத் தோட்டங்களில் பிப்ரவரி ஏற்றுமதிக்காக ஜனவரி முழுக்க ஓயாத வேலை நடக்கும். அப்போது வாளி தூக்கத் தள்ளுவண்டியும், தரம் பிரிக்க உயரமான இருக்கையும் கேளுங்கள்.

லைனில் நிற்கும் இருபது வயதுத் தங்கைகளே, உங்களுக்கு இன்று வலி இல்லை. இந்த மடல் அக்காக்களுக்கானது என்று விட்டுவிடாதீர்கள். 1980 வாக்கில் லாரிக்கும் மொபெட்டுக்கும், பிறகு கைக்கடிகாரத்துக்கும் இந்த ஊரில் தொழிற்சாலைகள் வந்தபோது வேலைக்குச் சேர்ந்தவர்களும் உங்களைப்போல வலியில்லாத கால்களோடுதான் வந்தார்கள். இன்று அக்காக்களுக்காக நீங்கள் கேட்டு வாங்கும் ஸ்டூல்தான் இருபது வருஷம் கழித்து உங்கள் முட்டியைக் காப்பாற்றும்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு காரியம். நாளைக் காலையில், கிளம்புவதற்கு முன், பத்துத் தடவை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். இந்த வாரத்துக்குள், உங்களோடு நிற்கும் நான்கு பேரைச் சேர்த்து, உட்கார இடம் வேண்டும் என்று ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதில் ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
ஓசூர்